ட்ரே இல்லாத குழந்தை நாற்காலி: வாங்கலாமா?

வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலை என்று சாப்பிடுகிற வீடு என்றால் வேண்டாம், பணம் வீண். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் இதை மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை. குழந்தையும் பெரியவர்களும் ஒரே உயரத்தில், ஒரே சாப்பாட்டைச் சுற்றி உட்காரலாம் என்று சொல்லித்தான் இந்த நாற்காலியை விற்கிறார்கள். தரையில் உட்காருகிற உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நடக்கிறது. மேஜை வந்த பிறகுதானே குழந்தை கண்ணுக்கு எட்டாத கீழே போயிற்று.

என் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். ஒன்றரை வயதுப் பேரனுக்குப் பகல் சாப்பாடு கொடுப்பது என் பொறுப்பு. இரவில் நாலு பேரும் சேர்ந்து உட்காருவோம். நாற்காலியை வாங்கியது அவர்கள், தினமும் அதோடு மல்லுக்கட்டுவது நான். ஆகவே மதிப்புரை எழுதும் உரிமையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும் இரண்டு மரக் கால்கள், அவை தரையில் முன்னும் பின்னுமாக நீளும். கால்களின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகக் காடிகள் வெட்டியிருக்கும். அந்தக் காடிகளில் இரண்டு பலகைகளைச் செருகுவார்கள். மேலே இருப்பது உட்கார, கீழே இருப்பது கால் வைக்க. குழந்தை வளர வளரப் பலகைகளைக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம். சின்னக் குழந்தைக்கு முன்னால் ஒரு தடுப்பும் ஐந்து முனை வாரும் உண்டு. அவ்வளவுதான். மற்ற குழந்தை நாற்காலிகளில் முன்னால் ட்ரே இருக்குமே, அது இதில் கிடையாது. நாற்காலியை அப்படியே மேஜை விளிம்புவரை தள்ள வேண்டும். நாம் சாப்பிடுகிற மேஜைதான் அவனுக்கும் மேஜை.

இந்த வடிவம் புதிதல்ல. நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஒப்ஸ்விக் 1972இல் ஸ்டோக்கே நிறுவனத்துக்குச் செய்து கொடுத்த ‘ட்ரிப் ட்ராப்’ தான் இதற்கெல்லாம் மூலம். அவருடைய மகன் டோர் குழந்தை நாற்காலிக்குப் பெரியவனாகவும் பெரியவர்கள் நாற்காலிக்குச் சிறியவனாகவும் இருந்த சமயம். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மேஜைமேல் கை எட்டாமல் பையன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யோசித்ததுதான் இந்த ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அது விற்பனையில் இருக்கிறது. அதே பாணியில் பலரும் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது அசல் அல்ல, அப்படி வேறொருவர் செய்தது. கீழே சொல்லும் குறைகள் எல்லாம் எங்கள் நாற்காலியின் குறைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுவது சுலபம். அறுகோணச் சாவி ஒன்று கூடவே வருகிறது. மாப்பிள்ளை தனியாளாகவே பூட்டிவிட்டார், கூட வந்த விளக்கப் படத்தைப் பார்க்காமலே. ஒரு பலகையைத் திருப்பி மாட்டியதை நான் சொன்னேன், அவர் சரி செய்தார்.

முதலில் கால் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. முன்பு இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பையனின் கால் அந்தரத்தில் தொங்கும். நாலு வாய் சாப்பிடுவதற்குள் ஒரு பக்கமாகச் சரிவான், எழுந்து நிற்பான், வாரை இழுப்பான். நாங்கள் பசியில்லை என்று நினைத்துக்கொள்வோம். பேச்சு, விழுங்கல் சிகிச்சை தருகிறவர்கள் இதை விளக்குவார்கள்: பாதம் ஊன்றினால் இடுப்பு நிலைக்கும், இடுப்பு நிலைத்தால்தான் கையும் வாயும் தங்கள் வேலையைப் பார்க்கும். பார் ஸ்டூலில் காலை ஊன்ற இடமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும். முழங்கால் செங்கோணத்தில் மடிந்து, பாதம் முழுசாகப் பலகையில் படிகிற மாதிரி வையுங்கள். இதை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், பிள்ளைகள் நாம் பார்க்காதபோது வளர்ந்துவிடுகிறார்கள்.

சரி, ட்ரே இல்லாததுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த நாற்காலியின் விஷயமே அதுதான்.

ட்ரே என்பது குழந்தைக்கும் மேஜைக்கும் நடுவில் போட்ட வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் சாப்பாடு, இந்தப் பக்கம் நம் சாப்பாடு. தனித் தட்டு, தனிக் கிண்ணம், தனியாக வேகவைத்த ஏதோ ஒன்று. அந்த ஏற்பாட்டில் யாருக்கும் கேள்வி எழாது. வேலியை எடுத்துவிட்டால் நிலைமை வேறு. இந்த நாற்காலியில் உட்கார்ந்த உடனே என் பேரன் செய்த முதல் காரியம் தன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அவன் அப்பாவின் தட்டுக்குள் கையை விட்டதுதான். கை எட்டுகிறது. அப்புறம் என்ன செய்வீர்கள்?

எங்கள் வீட்டில் அன்று ஆரம்பித்த விவாதம் நாற்காலி வாங்கும் எல்லா வீட்டிலும் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“அம்மா, இனிமே அவனுக்குன்னு தனியா குக்கர் வைக்காதே. நாம சாப்பிடறதையே சாப்பிடட்டும்” என்றாள் மகள்.

“நீ சாப்பிடறதுல உப்பு எவ்வளவு போடறேன்னு உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“அத்தை, அப்ப நாம உப்பைக் குறைச்சுக்கலாமே” என்றார் மாப்பிள்ளை. நல்ல மனுஷர். சொன்ன கையோடு உப்புக் குப்பியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் என் பிள்ளைகளுக்குத் தனியாகத்தான் சமைத்தேன். குழைய வேகவைத்து, மசித்து, வடிகட்டி. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, இரண்டும் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் குழந்தைக்குத் தனிச் சாப்பாடு என்பது ஏதோ காலங்காலமாக வருகிற விதி என்று நினைத்திருந்தேன். தேடிப் படித்துப் பார்த்தால், பாதி விதிகளுக்கு வயது நூறுதான்.

அமெரிக்காவில் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் 1894இல் தாய்மார்களுக்கும் தாதிகளுக்கும் கேள்வி பதிலாக ஒரு கையேடு எழுதினார். குழந்தைக்கு எது ஆகாது என்ற பட்டியல் அதில் நீளமாக இருக்கும். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளை வளர்த்தார்கள். அந்தக் கருத்து ஊறிய காலத்தில், 1920இல் அங்கே மதுவிலக்கு வந்தது. மது விற்ற வருமானம் போன உணவகங்களும் ஓட்டல்களும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களைப் பார்த்தன. 1921இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் குழந்தைகளுக்கென்று தனி மெனு போட்டது. அதில் இருந்தது வேகவைத்த சோற்றின் மேல் பிய்த்துப் போட்ட கோழி, வெண்ணெய் தடவிய காய்கள், இந்த ரகம். ருசிக்காகக் குழந்தைகளுக்குப் பிரித்த மெனு என்று நாம் நினைப்போம். ஆரம்பத்தில் அது பத்தியச் சாப்பாடு. இன்று உணவகங்களில் குழந்தை மெனு என்று வருகிற பொரித்த பண்டங்களை அந்த மருத்துவர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அதே பத்தாண்டில்தான் டப்பா உணவும். மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் ஊரில் டோரதி கெர்பர் 1927இல் தன் பெண் குழந்தைக்காகக் காயை வடிகட்டிக் கை ஓய்ந்துபோய், டப்பா உணவுத் தொழிற்சாலை வைத்திருந்த கணவரிடம் இதை உங்கள் ஆலையிலேயே செய்யக்கூடாதா என்று கேட்டார். மறு ஆண்டே வடிகட்டிய பட்டாணி, கேரட் எல்லாம் கடைக்கு வந்துவிட்டன. கை ஓய்ந்துபோனதை நான் முழுசாகப் புரிந்துகொள்கிறேன். ஆனால் வேலைச் சுமையைக் குறைக்க வந்த பொருள், கொஞ்ச காலத்தில் குழந்தை என்றால் கூழ்தான் சாப்பிட வேண்டும் என்கிற எண்ணமாகவும் ஆகிவிட்டது. கூழிலேயே ரொம்ப நாள் நிறுத்தினால் தொல்லை உண்டு. பிரிட்டனில் பிரிஸ்டல் வட்டாரக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, 10 மாதம் தாண்டிய பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்த பிள்ளைகள் பின்னால் சாப்பிட அதிகம் அடம்பிடித்ததாகச் சொல்கிறது.

வேர்க்கடலை விஷயம் இன்னும் ஆச்சரியம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 3 வயதுவரை வேர்க்கடலையே காட்டாதீர்கள் என்றது. 2008இல் அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அந்த அறிவுரையைக் கைவிட்டது. அதே 2008இல் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டது. வேர்க்கடலை ஒவ்வாமை பிரிட்டனில் சுமார் பத்து மடங்கு. இஸ்ரேலில் பல் முளைக்கிற பிள்ளைக்கே பம்பா என்ற வேர்க்கடலைப் பண்டத்தைக் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். 2015இல் லண்டன் மருத்துவர்கள் அறுநூற்றுச் சொச்சம் குழந்தைகளை வைத்து இதை நேரடியாகவே சோதித்தார்கள். வேர்க்கடலையைத் தவிர்த்த கூட்டத்தில் 5 வயதில் சுமார் 17 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சீக்கிரமே கொடுத்த கூட்டத்தில் சுமார் 3 சதவீதம். ஜாக்கிரதை என்று நினைத்து விலக்கிவைத்ததே வினையாகியிருக்கிறது. (கடுமையான கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் நோய், உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பிக்கும்போதும் முழுக் கடலை கூடாது, அரைத்துக் குழைத்தது மட்டும்.)

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் நான் சொன்னபோது, “பாத்தியா, நாம சாப்பிடறது எல்லாமே கொடுக்கலாம்” என்று முடித்தாள் மகள். அங்கேதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே சாப்பாடு என்பது வேறு, ஒரே உப்பு என்பது வேறு.

உப்புக் கணக்கு இது. வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒன்று முதல் மூன்று வயதுவரை 2 கிராம் போதும் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. ஒரு வயதுக்குள் 1 கிராம்கூடப் போகக் கூடாது. நம் தட்டில் இருப்பதை அப்படியே வழித்து அவன் தட்டில் போட்டால் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்? ஆகவே எங்கள் வீட்டில் வந்த ஏற்பாடு: ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. காய், பருப்பு, மீன் எதுவானாலும் வெந்ததும் உப்பும் காரமும் போடுவதற்கு முன்பே அவன் பங்கை ஒரு கரண்டி எடுத்து ஒதுக்கிவிடுவேன். மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் எல்லாம் முதலிலேயே போடலாம், வாசனைக்கு எந்தத் தடையும் இல்லை. பிறகு எங்களுக்கு உப்பு, காரம். பையன் பார்வையில் எல்லோர் தட்டிலும் இருப்பது ஒன்றுதான். தன் கிண்ணத்தைத் தள்ளுவது நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் பங்குக்கு உப்புப் போடுவதை நான் குறைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் குப்பியைத் தேடுவார், அவருக்கு இரண்டு சிட்டிகை. குழந்தையைப் பெரியவர்கள் சாப்பாட்டுக்கு ஏற்றுவதாக நினைத்துத் தொடங்கியது, பெரியவர்கள் குழந்தைச் சாப்பாட்டுப் பக்கம் கொஞ்சம் இறங்கி வந்ததில் போய் நின்றது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. ஜப்பானில் ஒரு நாடே இப்படி இறங்கி வந்திருக்கிறது. அங்கே கறி என்றால் சோற்றோடு சாப்பிடுகிற ஒரு குழம்பு. அது காரமான, பெரியவர்கள் சாப்பிடுகிற பதார்த்தமாக இருந்தது. 1963இல் ஹவுஸ் என்ற உணவு நிறுவனம் ஆப்பிளும் தேனும் சேர்த்து, காரம் குறைத்து, வெர்மான்ட் கறி என்ற குழம்புக் கட்டியைக் கொண்டுவந்தது. குழந்தைகளோடு சேர்ந்து குடும்பமே ஒரே பானையில் சாப்பிடலாம் என்பதுதான் அதன் விற்பனைப் பேச்சு. அப்பாக்களும் அதையே சாப்பிட்டார்கள், இன்றும் சாப்பிடுகிறார்கள். அதே ஜப்பானில்தான் டோக்கியோ மிட்சுகோஷி அங்காடியின் உணவகம் 1930இல் குழந்தைகளுக்குத் தனித் தட்டு போட்டது. சோற்றைக் குவித்து மலை மாதிரி வைத்து உச்சியில் ஒரு குட்டிக் கொடி குத்தித் தருகிற வழக்கம் அந்தத் தட்டிலிருந்து பரவியதுதான். ஆனால் அது வெளியே போகிற நாளின் குதூகலம். அன்றாடம் பள்ளிக்கூடத்தில் நடப்பது வேறு: மதியம் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் வகுப்பறையிலேயே உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். எங்கள் நாற்காலி செய்கிற வேலையும் அந்த ஆசிரியர் செய்கிற வேலையும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. எதிரில் ஒருவர் அதையே சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

காரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மெக்சிகோவில் ஓஹாக்கா மலைக் கிராமம் ஒன்றில் உளவியலாளர் பால் ரோசின் மிளகாயைப் பற்றி ஆராய்ந்தார். அங்கே சின்னக் குழந்தைக்கு யாரும் மிளகாயைத் திணிப்பதில்லை. பெரியவர்கள் ரசித்துச் சாப்பிடுவார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஐந்தாறு வயதில் தாங்களாகவே போட்டுக்கொள்ள ஆரம்பிப்பார்கள். அந்த ஊர் நாய்களும் பன்றிகளும் தினமும் மிளகாய் சேர்ந்த மிச்சத்தைத்தான் தின்றன. ஆனாலும் காரமுள்ள பிஸ்கட், இல்லாத பிஸ்கட் இரண்டையும் வைத்தபோது அவை காரத்தை விரும்பவில்லை. வாயில் பட்டுக்கொண்டே இருந்தால் பழகிவிடும் என்று சொல்வார்களே, அது மட்டும் போதாது போலிருக்கிறது. என் பேரனுக்கு நான் இப்போதைக்குக் காரம் கொடுப்பதில்லை. அவன் அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிடுவதை தினமும் பார்க்கிறான். பார்க்கட்டும்.

குழந்தைக்கே விட்டுவிட்டால் சரியாகத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்கிறவர்கள் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவரின் பெயரை எடுப்பார்கள். 1920களிலும் 30களிலும் அவர் 15 குழந்தைகளுக்கு முப்பதுக்கு மேற்பட்ட உணவுகளை முன்னால் வைத்து, எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னட்டும் என்று விட்டார். எல்லோரும் நன்றாகவே வளர்ந்தார்கள். எலும்பு வலுவில்லாமல் வளைகிற ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை மீன் எண்ணெயைத் தானாகவே குடித்தது. ஆனால் அந்தத் தட்டில் சர்க்கரைப் பண்டமோ பாக்கெட் பண்டமோ கிடையாது, எல்லாம் உப்பிடாத எளிய உணவு, உப்பு மட்டும் தனிக் கிண்ணத்தில். சூட்சுமம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே 1939இல் சொல்லிவிட்டார். ஆக, மேஜையில் எது இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் பொறுப்பு. நாற்காலி அதைச் செய்யாது.

இனி சுத்தம். இங்கே நாற்காலிக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். மரத்தைத் துடைப்பது எளிது. காடிகள்தான் தொல்லை. பருக்கை உள்ளே போய் உட்கார்ந்து காய்ந்துவிட்டால் ஈரத்துணியால் வராது. பழைய பல்துலக்கி ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். உட்காரும் பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு, அங்கே நேற்றைய சாப்பாடு, முந்தாநாள் சாப்பாடு என்று எல்லாம் கிடைக்கும். வார் வெளிர் சாம்பல் நிறம். இப்போது இடுப்புப் பக்கம் மஞ்சள். வெயிலில் காயப்போட்டால் கறை கொஞ்சம் மங்குகிறது. அடர்ந்த நிறத்தில் வார் கிடைத்தால் அதை எடுங்கள். ட்ரே இல்லாததால் சிந்துவது எல்லாம் மேஜையில், மேஜையிலிருந்து தரையில். மேஜை விளிம்பில் அவன் ஸ்பூனால் அடித்த தழும்புகள் வரிசையாக இருக்கின்றன. மேஜைமீது பிரியம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் டேப்பை எடுத்து உங்கள் மேஜையை அளங்கள். மேஜையின் உயரத்தை மட்டும் அல்ல, மேற்பலகைக்கு அடியில் சுற்றி ஒரு சட்டம் ஓடுமே, அதன் ஆழத்தையும். சில மேஜைகளில் அந்தச் சட்டம் குழந்தையின் தொடையில் இடிக்கும், நாற்காலியை முழுசாக உள்ளே தள்ள முடியாது. எங்கள் மேஜையில் இரண்டு விரல்தான் இடம். ஒரு காடி கீழே இறக்கியதும் சரியாகிவிட்டது. வட்ட மேஜை, கண்ணாடி மேஜை, நடுவில் ஒற்றைக்கால் உள்ள மேஜை எல்லாவற்றிலும் உட்கார்த்திப் பார்த்துவிட்டே வாங்குங்கள். இலேசான மேஜையை வலுவான குழந்தை நகர்த்திவிடும்.

விழும் பயம் உண்மையானது. பையன் மேஜை விளிம்பில் காலை வைத்து உந்துவான். நாற்காலி பின்னால் சாயாமல் இருக்கக் கால்களின் பின்முனையில் பிளாஸ்டிக் நீட்டிப்பு மாட்டவேண்டும். எங்கள் நாற்காலியோடு அது பெட்டியில் வரவில்லை. விற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் படம் கேட்டு, நாங்கள் படம் அனுப்பி, மறுபடி கேட்டு, கடைசியில் வந்தது. அது வரும்வரை நாற்காலியைச் சுவரோரம் ஒட்டிப் போட்டு வைத்திருந்தோம். இந்த அலைச்சலுக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். திருகுகளும் மெல்ல மெல்லத் தளர்கின்றன. நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்தால் அன்றே இறுக்குங்கள். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 14988 என்று ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டி இருந்தாலும் வாரைப் பூட்டாமல் விடாதீர்கள், அடுப்பை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்து போகாதீர்கள்.

குழந்தை தானாக உட்காரும் முன் இதில் வைக்கக் கூடாது. பெரும்பாலும் ஆறு மாத வாக்கில், தாய்ப்பாலோடு மற்ற உணவு தொடங்கும் காலத்தில்தான் இது பயன்படும். அப்போதும் எல்லாம் ஒரே தட்டு என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு வயதுவரை தேன் துளிகூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். முழுக் கொட்டைகள் 5 வயதுவரை வேண்டாம். மீனில் முள்ளை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். நாம் சாப்பிடுவதையே சாப்பிடுகிறான் என்று சொல்கிற வீட்டில் இந்த வெட்டுகிற, பிரிக்கிற வேலை குறைவதே இல்லை. மகளுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். தனிக் குக்கர் போச்சு, ஆனால் கத்திரிக்கோல் வந்தது.

எங்கே வெளியே போனாலும் இந்த நாற்காலி கூட வராது. உணவகங்களில் ட்ரே வைத்த உயர நாற்காலியைக் கொண்டுவந்து மேஜையிலிருந்து தள்ளிப் போடுவார்கள், கையில் குழந்தை மெனுவும் கொடுப்பார்கள். ட்ரேயைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு உள்ளே தள்ளுகிறோம். குழந்தை மெனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் உணவிலேயே உப்பில்லாமல் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்கிறோம். சில இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், சில இடத்தில் சமையல்காரரே வெளியே வந்து பையனைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பழசு கிடைத்தால் பழசையே வாங்குங்கள். மரம் நன்றாக உழைக்கும். ஆனால் பின்கால் நீட்டிப்பு, முன் தடுப்பு, வார் மூன்றும் இருக்கிறதா, பலகை காடிக்குள் ஆடாமல் நிற்கிறதா, திருகுமுனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த வகைக்கு இப்போது ட்ரேயும் தனி உதிரியாக விற்கிறார்கள், ட்ரிப் ட்ராப்புக்குமே உண்டு. மகள் அதையும் கூடையில் போட்டிருந்தாள், நான் எடுக்கச் சொன்னேன். அந்தப் பணத்துக்கு அடர்நிற வார் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று துவைக்கப் போகும்போது மற்றது இருக்கும்.